ஏஓ லூப்பை முதன்முறை வயர் செய்யப் போகிறவருக்கு: 4–20 மில்லி ஆம்ப், படிப்படியாக

வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒப்படைத்தது பன்னிரண்டு அனலாக் அவுட்புட் (சுருக்கமாக ஏஓ) லூப்கள். லூப் என்பது பேனலிலிருந்து கருவிக்குப் போய்த் திரும்பும் ஒயர் சுற்று. ஒன்பது முதல் நாளே சரியாக வந்துவிட்டன. மீதி மூன்றும் நான்கு நாள் தூக்கத்தைக் கெடுத்தன. ஒரு கன்ட்ரோல் வால்வு முக்கால் பங்குக்கு மேல் திறக்க மறுத்தது. ஒரு பம்பின் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி), திரையில் 0 சதவீதம் என்று இருக்கும்போதே முழு வேகம் எடுத்தது. இன்னொரு வால்வு, 50 கொடுத்தால் 37-இல் போய் நின்றது. சிக்னலை அனுப்பும் கார்டை மாற்றினேன், சிக்னலுக்கு ஏற்ப வால்வை நகர்த்தி நிறுத்தும் பொசிஷனரை மாற்றினேன், கேபிளை மறுபடி இழுக்கச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் மூன்றிலும் எந்தப் பொருளும் பழுதாகவில்லை. ஏஓ எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அந்த நான்கு நாள் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிஎல்சி அல்லது டிசிஎஸ் (ஆலையை ஓட்டும் கன்ட்ரோல் கணினிகள்) பேனலிலிருந்து வால்வுக்கும் டிரைவுக்கும் ரெக்கார்டருக்கும் போகும் 4–20 மில்லி ஆம்ப் சிக்னலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டிரான்ஸ்மிட்டரிலிருந்து, அதாவது அளக்கும் கருவியிலிருந்து, உள்ளே வரும் சிக்னலுக்கு வேறு கணக்கு.

1. ஏஓ எதைத் தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு வயரிங் பழகிய கைக்கு முதலில் இடிப்பது இதுதான். வீட்டு பிளக்கில் வோல்ட் நிலையாக இருக்கும். மாட்டும் பொருளுக்கு ஏற்ப கரன்ட் மாறும். ஏஓ சேனலில் கரன்ட்தான் நிலை. 12 மில்லி ஆம்ப் என்று சொல்லிவிட்டால், அந்த 12 ஓடும்வரை கார்டு தன் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். எதிரே 100 ஓம் இருந்தால் 1.2 வோல்ட்டில் நின்றுவிடும். 500 ஓம் இருந்தால் 6 வோல்ட் வரை ஏறும். இரண்டிலும் ஓடுவது அதே 12 மில்லி ஆம்ப்.

அதனால் டெர்மினலில் வோல்ட்டை மட்டும் அளந்துவிட்டு சிக்னல் வருகிறது, வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒயர் இரண்டையும் சேர்த்து ஷார்ட் செய்தாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. சொன்ன கரன்ட்டை அந்த ஷார்ட் வழியே தள்ளிக்கொண்டு இருக்கும். ஒயர் அறுந்தால்தான் நிலைமை மாறும். கரன்ட் ஓட வழியில்லாததால் கார்டு தன்னால் முடிந்த உச்ச வோல்ட்டுக்குப் போய் நின்றுவிடும். இந்த உச்சத்தை இனி கூரை என்றே சொல்கிறேன். மூன்றாவது படியில் முழுக்க அதைப் பற்றித்தான்.

சதவீதக் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: 0-க்கு 4, 25-க்கு 8, 50-க்கு 12, 75-க்கு 16, 100-க்கு 20. நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் சதவீதத்தை 0.16-ஆல் பெருக்கி 4-ஐக் கூட்டுங்கள். பூஜ்யத்தை 4-இல் வைத்திருப்பதால், மீட்டரில் 0 மில்லி ஆம்ப் என்று பார்த்தால் அது "மூடு" என்ற கட்டளை அல்ல, லூப் அறுந்திருக்கிறது அல்லது பவர் இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

2. காகிதங்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

நான் நான்கு நாள் இழந்ததில் இரண்டு நாள், கார்டின் மேனுவலை ஒருமுறை திறந்திருந்தால் மிஞ்சியிருக்கும். கேட்டு வாங்க வேண்டியவை:

லூப் டிராயிங். பேனல் டெர்மினல், ஜங்ஷன் பாக்ஸ், ஃபீல்டு டெர்மினல், ஷீல்டு எங்கே எர்த் ஆகிறது எல்லாம் ஒரே தாளில் இருக்கும். எந்த ரிவிஷன் என்று பாருங்கள். பழைய ரிவிஷனை வைத்து வயர் செய்வதைவிட டிராயிங் இல்லாமல் இருப்பது மேல்.

ஐஓ (இன்புட்–அவுட்புட்) லிஸ்ட். எந்த டேக் (கருவியின் அடையாளப் பெயர்) எந்த கார்டில் எந்த சேனலில், என்ன ரேஞ்சு என்பது இதில்.

கார்டின் மேனுவல். இருநூறு பக்கம் படிக்க வேண்டியதில்லை. மூன்று வரி போதும்: கரன்ட் அவுட்புட்டுக்கு அதிகபட்ச லோடு எத்தனை ஓம், சேனல்கள் ஒன்றுக்கொன்று ஐசொலேட் ஆனவையா (மின்தொடர்பு இல்லாமல் பிரிந்தவையா) அல்லது பொது மைனஸா, கார்டே பவர் தருகிறதா அல்லது வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுக்க வேண்டுமா.

ஃபீல்டு கருவியின் டேட்டா ஷீட். இன்புட் எத்தனை ஓம், அல்லது 20 மில்லி ஆம்பில் எத்தனை வோல்ட் எடுக்கும் என்ற வரி.

கேபிள் ஷெட்யூல், காலி லூப் செக் ஷீட், நீங்கள் பயன்படுத்தப்போகும் கேலிபரேட்டரின் (மில்லி ஆம்ப் கொடுக்கவும் அளக்கவும் கூடிய துல்லியமான மீட்டர்) செல்லுபடியாகும் சான்றிதழ். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலானோர் வேலை முடிந்த பிறகுதான் தேடுகிறார்கள். தேதி முடிந்த மீட்டரால் எடுத்த ரீடிங்கை ஆய்வுக்கு வருபவர் ஏற்கமாட்டார். பன்னிரண்டு லூப்பையும் மறுபடி செய்ய வேண்டியதாகிவிடும்.

இத்தனையும் சேர்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

3. கூரைக் கணக்கு

எந்த கார்டும் வோல்ட்டை முடிவில்லாமல் ஏற்ற முடியாது. மேனுவல் அதை ஓம் கணக்கில் சொல்லும். உதாரணமாக சீமென்ஸ் எஸ்7-1200 வரிசையின் எஸ்எம் 1232 கார்டில் கரன்ட் அவுட்புட்டுக்கு அதிகபட்சம் 600 ஓம். 600 ஓமை 20 மில்லி ஆம்பால் பெருக்கினால் 12 வோல்ட். ஆக, உங்கள் லூப் 20 மில்லி ஆம்பில் 12 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்குமேல் கார்டு கொஞ்சம் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அதை நம்பி வடிவமைக்கக் கூடாது.

இனி லூப்பில் இருப்பதையெல்லாம் கூட்டுங்கள். என் முதல் வால்வின் கணக்கைத் தருகிறேன். அது வெடிக்கும் வாயு இருக்கக்கூடிய அபாயப் பகுதி, ஆகையால் நடுவில் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் ஜீனர் பேரியர்: சுமார் 330 ஓம். கரன்ட்டைக் காற்றழுத்தமாக மாற்றும் ஐ/பி கன்வர்ட்டர்: 170 ஓம். யாரோ பிற்பாடு தொடரில் சேர்த்த ரெக்கார்டர்: 250 ஓம். கேபிள்: 300 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர். அந்தச் செம்பு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம், போக வர 600 மீட்டர் என்றால் 7 ஓம். மொத்தம் 757 ஓம். 12 வோல்ட்டை 757-ஆல் வகுத்தால் 15.85 மில்லி ஆம்ப். சதவீதத்தில் 74. வால்வு முக்கால் பங்கில் நின்றதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் மாட்டிக்கொள்ள வைப்பது என்னவென்றால், கீழ்ப்பகுதியில் எல்லாம் அச்சு அசலாகச் சரியாக இருக்கும். 4, 8, 12 கொடுத்துப் பார்த்தால் துல்லியமாக வரும். பாதிவரை பார்த்துவிட்டு "ஓகே" என்று கையெழுத்துப் போட்டால், வால்வு முழுதாகத் திறக்க வேண்டிய நாளில்தான் வெளியே தெரியும். லூப்பை எப்போதும் 20 வரை ஏற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கேபிள் தின்றது வெறும் 7 ஓம். புதியவர்கள் எல்லோரும் நீளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் கேபிளை மறுபடி இழுக்க வைத்தேன். கூரையைத் தின்பது பேரியரும் தொடரில் சேர்க்கும் கூடுதல் கருவிகளும்தான்.

ஸ்மார்ட் பொசிஷனர் என்றால் ஓம் கணக்கை நேரடியாகப் போட முடியாது. அது லூப்பிலிருந்தே தன் எலெக்ட்ரானிக்ஸுக்குப் பவர் எடுக்கிறது. 20 மில்லி ஆம்பில் 9 வோல்ட் வாக்கில் எடுப்பவை நிறைய. டேட்டா ஷீட்டில் இருக்கும் வோல்ட்டை அப்படியே கூட்டுங்கள். 9 வோல்ட் பொசிஷனருடன் 330 ஓம் பேரியர் என்றால் 9-உடன் 6.6 சேர்ந்து 15.6. 600 ஓம் கார்டு தாங்காது.

கணக்கு கூரையைத் தாண்டினால் என்ன செய்வது? ரெக்கார்டரைத் தொடரிலிருந்து எடுத்து வேறு சேனலுக்குக் கொடுங்கள். ஜீனர் பேரியருக்குப் பதில் தனிப் பவருடன் வரும் ஐசொலேட்டிங் பேரியர் போடச் சொல்லுங்கள். அல்லது நடுவில் ஒரு சிக்னல் ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின்தொடர்பு இல்லாமல் பிரித்து சிக்னலை மட்டும் கடத்துவது). அது தன் பக்கத்தில் புதிய கூரையோடு கரன்ட்டைத் தள்ளும்.

இரண்டு கருவிகளுக்கு ஒரே சிக்னல் வேண்டுமென்றால் தொடரில் போடுங்கள், ஒருபோதும் பேரலலில் போடாதீர்கள். பேரலலில் கரன்ட் பிரிந்துபோய் இரண்டுமே தவறாகக் காட்டும். ஒன்று 4–12, மற்றது 12–20 என்று வேலை செய்யும் இரட்டை வால்வுகளில் இரண்டும் ஸ்மார்ட் பொசிஷனர் என்றால், தொடரில் 18 வோல்ட் கேட்கும். அங்கே இரண்டு சேனல் எடுத்துவிடுவதே நிம்மதி.

4. யார் பவர் கொடுக்கிறார்கள் என்று உறுதிசெய்யுங்கள்

ஒரு லூப்பில் பவர் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஐ/பி, பொசிஷனர் எல்லாம் வாங்குபவை; கார்டு கொடுப்பது. இது சாதாரண நிலை. கார்டே வெளியிலிருந்து 24 வோல்ட் எதிர்பார்க்கும் வகையாக இருந்து, அதை நீங்கள் கொடுக்க மறந்தால், லூப் செத்துக் கிடக்கும்.

எதிர்ச் சிக்கலும் உண்டு. பிஎல்சியின் ஏஓவை டிசிஎஸ்ஸின் ஏஐ (அனலாக் இன்புட்) சேனலுக்குக் கொடுக்கும்போது, அந்த ஏஐ சேனல் டூ-ஒயர் டிரான்ஸ்மிட்டருக்கான (லூப்பிலிருந்தே பவர் எடுப்பது) செட்டிங்கில் இருந்தால் அதுவும் 24 வோல்ட் தரும். இரண்டு பக்கமும் தள்ளும், ரீடிங் அர்த்தமில்லாமல் வரும். ஏஐ பக்கத்தைப் பவர் தராத ஃபோர்-ஒயர் செட்டிங்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது அந்த டிரைவ். பெரும்பாலான டிரைவ்களில் (விஎஃப்டி என்பதும் இதுதான்) அனலாக் இன்புட்டை வோல்ட்டுக்கும் கரன்ட்டுக்கும் மாற்ற ஒரு சின்ன டிப் ஸ்விட்சோ ஜம்பரோ இருக்கும். சிலவற்றில் பாராமீட்டரிலும் மாற்ற வேண்டும். என் டிரைவில் அது வோல்ட் பக்கமே இருந்தது. வோல்ட் பக்கத்தில் இன்புட்டின் ரெசிஸ்டன்ஸ் மிகப் பெரியது, நூறு கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4 மில்லி ஆம்ப் தள்ள 400 வோல்ட் வேண்டும். கார்டால் முடியாது, நேராகக் கூரையில் போய் நின்றுவிடும். டிரைவ் 10 வோல்ட்டுக்குமேல் பார்க்கும், அதற்கு அது முழு வேகம். திரையில் 0 இருந்தாலும் மோட்டார் பறக்கும்.

இது வெறும் ரீடிங் பிழை அல்ல, ஆள் அடிபடக்கூடிய விஷயம். அதனால் டிரைவுக்கு முதன்முறை சிக்னல் கொடுக்கும்போது மோட்டார் கேபிளைக் கழற்றி வையுங்கள், அல்லது மோட்டார் பக்கத்து ஐசொலேட்டர் ஸ்விட்சை ஆஃப் செய்து பெர்மிட்டும் எச்சரிக்கை டேக்கும் போடுங்கள். டிரைவின் திரையில் ரெஃபரன்ஸ் 0, 25, 50 என்று சரியாக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே மோட்டாரைச் சேருங்கள்.

5. கார்டின் செட்டிங்

மூன்றாவது வால்வின் கதை இங்கே. கார்டின் ரேஞ்சு 0–20 என்று இருந்தது, வால்வு 4–20 எதிர்பார்த்தது. 50 சதவீதத்துக்கு கார்டு 10 மில்லி ஆம்ப் கொடுத்தது. வால்வின் கணக்கில் அது 37.5 சதவீதம். இந்தத் தவறுக்குத் தனி அடையாளம் உண்டு: 20 சதவீதம் வரை வால்வு அசையாது, 0-இல் பொசிஷனரின் திரையே அணைந்துவிடும், மேலே போகப் போகப் பிழை குறைந்து 100-இல் சரியாக இருக்கும். இதைப் பார்த்தால் பொசிஷனரை மறுபடி கேலிபரேட் செய்யாதீர்கள். அதை 0–20-க்கு இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டியவர்களும் உண்டு. அடுத்து கார்டை மாற்றுபவர் பாவம்.

சீமென்ஸில் 4–20 ரேஞ்சில் புரோகிராம் கார்டுக்கு அனுப்பும் எண் 0 என்றால் 4 மில்லி ஆம்ப், 27648 என்றால் 20. மற்ற தயாரிப்புகளில் எண்கள் வேறு. புரோகிராம் எழுதுபவர் எந்த எண்ணுக்கு ஸ்கேல் செய்திருக்கிறார், நீங்கள் கார்டில் எந்த ரேஞ்சு வைத்திருக்கிறீர்கள் என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அப்புறம் பிஎல்சி நின்றுபோனால் இந்த சேனல் என்ன செய்ய வேண்டும்? அவுட்புட்டை விட்டுவிடலாம், கடைசி மதிப்பைப் பிடித்துக்கொள்ளலாம், குறிப்பிட்ட ஒரு மதிப்புக்குப் போகலாம். கார்டைப் பொறுத்துத் தேர்வு இருக்கும். எரிபொருள் வால்வு மூட வேண்டும், குளிர்நீர் வால்வு திறக்க வேண்டும். இதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். பிராசஸ் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ரிவர்ஸ் ஆக்ஷன் (கட்டளை ஏற ஏற வால்வு மூடுவது போல, திசையைத் திருப்புவது) வேண்டுமானால் ஒரே இடத்தில் வையுங்கள், பொசிஷனரில் அல்லது டிசிஎஸ்ஸில். இரண்டு இடத்திலும் வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

6. கேபிளும் எர்த்தும்

முறுக்கிய ஜோடி, ஷீல்டு உள்ளது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும், வழக்கமாகப் பேனல் பக்கம், எர்த் செய்யுங்கள். மறுமுனையைத் தொடாதபடி டேப் சுற்றுங்கள். டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள். பொது மைனஸ் உள்ள கார்டில், வெளியே இரண்டு கருவிகள் தனித்தனியாக எர்த் ஆகியிருந்தால் ரீடிங் ஆடும். அங்கே ஐசொலேட்டர் போடுங்கள்.

7. மீட்டரை வைக்கும் முறை

கரன்ட் அளக்க மீட்டர் தொடரில் இருக்க வேண்டும், சிவப்பு லீடு மில்லி ஆம்ப் துளையில். மில்லி ஆம்ப் நிலையில் இருக்கும் மீட்டரை வால்வுக்குப் பேரலலாக வைத்தால், கரன்ட் முழுக்க மீட்டர் வழியே போய்விடும். மீட்டர் சரியான ரீடிங் காட்டும், வால்வு அந்த நேரத்தில் சிக்னல் இல்லாமல், அதன் வகையைப் பொறுத்து, மூடிவிடும் அல்லது முழுதாகத் திறந்துவிடும். ஓடும் பிளான்ட்டில் இதைச் செய்தால் விளைவு பெரியது.

அளந்து முடித்ததும் லீடை வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், அதைக் கையின் பழக்கமாகவே ஆக்குங்கள். மாற்றாமல் அடுத்து 24 வோல்ட் சப்ளையைத் தொட்டால் ஃபியூஸ் போகும். 230 வோல்ட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபியூஸ் போன மீட்டர் 0 காட்டுவதோடு லூப்பையும் அறுத்துவிடும், நீங்கள் லூப்பில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். காலையில் ஒருமுறை மீட்டரை ஓமில் வைத்து, வோல்ட் துளையில் இருக்கும் லீடின் முனையை மில்லி ஆம்ப் துளைக்குள் தொட்டுப் பாருங்கள். ஓபன் காட்டினால் ஃபியூஸ் இல்லை.

ஓடும் லூப்பில் அளக்க வேண்டி வந்தால் ஆபரேட்டரிடம் சொல்லி லூப்பை மேனுவல் மோடில் (கணினி தானாக மாற்றாதபடி) வைத்துக்கொள்ளுங்கள். கத்தி டெர்மினல் (ஒயரைக் கழற்றாமல் லூப்பைப் பிரிக்கச் சின்ன ஸ்விட்ச் போன்ற கத்தி உள்ளது) இருந்தால் மூடியிருக்கும்போதே மீட்டரை அதன் இரு பக்கமும் மாட்டி, பிறகு கத்தியைத் திறங்கள். கரன்ட் அறுபடாமல் மீட்டருக்கு மாறும். எடுக்கும்போது முதலில் கத்தியை மூடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை: மில்லி ஆம்ப் அளக்கும் நல்ல மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். கேலிபரேட்டர், பெயர் பெற்ற பிராண்ட் என்றால் அதைப்போலப் பல மடங்கு. சொந்தமாக வாங்காதீர்கள், கம்பெனியிடம் கேளுங்கள். மாற்று ஃபியூஸ் மட்டும் சொந்தக் காசில் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அசல் ரேட்டிங்கில். அது இல்லாமல் ஒரு நாள் வேலை நின்றால் போகும் பணம் எந்தக் கருவியின் விலையையும்விட அதிகம்.

8. லூப் செக்

இரண்டு பேர், ஒருவர் திரையில், ஒருவர் வால்வடியில், நடுவில் வாக்கி டாக்கி. இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (வால்வை நகர்த்தும் அழுத்தக் காற்று) வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். ஏர் இல்லாமல் போய் நின்று பாதி நாளைத் தொலைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பொசிஷனரின் ஆட்டோ கேலிபரேஷன் முன்பே முடிந்திருக்க வேண்டும். வால்வின் அளவைப் பொறுத்துச் சில நிமிடங்கள் எடுக்கும்.

0, 25, 50, 75, 100 என்று ஏற்றி, அதே வழியில் இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் பேனலில் மில்லி ஆம்ப், வால்வில் உள்ள அளவுகோல் இரண்டையும் எழுதுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வால்வின் நிலை வேறுபட்டால் அது பெரும்பாலும் வால்வின் பேக்கிங் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுப்பது) இறுக்கம், உங்கள் லூப்பின் தவறு அல்ல. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு லூப்புக்கு 15–20 நிமிடம். நடை, ஏணி, பெர்மிட் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முடிப்பது நல்ல வேகம்.

கேலிபரேட்டரை வைத்து வால்வை ஃபீல்டிலிருந்தே ஓட்டிப் பார்ப்பதானால் கார்டிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

9. கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

மீட்டர் 0 காட்டுகிறது, கார்டு டெர்மினலில் வோல்ட் கூரையில் இருக்கிறது: ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ கத்தி திறந்திருக்கிறது.

0 மில்லி ஆம்ப், வோல்ட்டும் 0: கார்டுக்குப் பவர் இல்லை, அல்லது வெளியிலிருந்து வர வேண்டிய 24 வோல்ட் வரவில்லை.

பேனலில் மில்லி ஆம்ப் சரி, வோல்ட் கிட்டத்தட்ட 0, வால்வு அசையவில்லை: நடுவில் ஷார்ட்.

பேனலில் 20, வால்வடியில் 19.2: லூப்பில் கரன்ட் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறுபட்டால் நடுவில் எங்கோ கசிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதைப் பார்த்தால் நேராக ஜங்ஷன் பாக்ஸைத் திறங்கள். கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் சரியாக இறுகாமல் தண்ணீர் தேங்கியிருக்கும்.

கீழே சரி, மேலே ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது: மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

10. ஷீட்டில் ஒரு கூடுதல் எண்

லூப் செக் ஷீட்டில் கட்டம் இருக்காது, இருந்தாலும் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்: 20 மில்லி ஆம்பில் கார்டு டெர்மினலில் எத்தனை வோல்ட். உங்கள் கூரைக் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த ஷட்டவுனில் வருபவருக்கும் அந்த எண் பயன்படும். இன்று 7.6 என்று எழுதிய லூப்பில் அவர் 10.1 பார்த்தால், வால்வு இன்னும் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தாலும், எங்கோ ஒரு டெர்மினலில் 125 ஓம் அளவுக்குத் துரு ஏறியிருக்கிறது. கூரையைத் தொடுவதற்கு முன்பே அதைத் தேய்த்து இறுக்கிவிடலாம்.